மஞ்சள் பிளக்

ஐந்தே முக்காலுக்கு விபின் எழுந்தான். மோட்டார் சுவிட்சைப் போட்டான். தொட்டி நிறைய இருபத்திரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் பல் தேய்த்து, முகம் கழுவி, ஒரு டம்ளர் பாலில்லாக் கட்டன்சாயா போட்டுக் குடித்துவிடலாம். குடித்தான். தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டதும் மோட்டாரை நிறுத்தினான். முற்றத்தைப் பெருக்கினான். பலாமரத்து இலை நாலைந்து கிடந்தன, அதற்கு மேல் ஒன்றுமில்லை. குளித்தான். கண்ணாடி முன் நின்று நெற்றியில் திருமண்ணால் நாமம் இழுத்தான். பாக்கெட் மாவில் இரண்டு தோசை சுட்டு, நேற்று அரைத்த தேங்காய்ச் சம்மந்தியைத் தொட்டுத் தின்றான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தபோது மணி ஏழரை. பதினோரு மாதமாக இதெல்லாம் இந்த வரிசையில்தான் நடக்கிறது. வரிசை மாறினால் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுவிடுவான். ஒரு தடவை அப்படி நின்றிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை. நாகர்கோவில் பம்ப்செட் ஏஜென்சியில் அவன் சர்வீஸ் இன்ஜினியர், இன்று லீவு. ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும் காரின் ஸ்டீயரிங்கை இன்று தண்டோடு கழற்ற வேண்டும். பதினோரு மணிக்கு ரசலையன் டெம்போவோடு வருவார்.

ரசலையன் திங்கள்நகரில் பழைய வண்டி வாங்கி உடைக்கிறவர். முந்தாநாள் போனில் கறாராகச் சொல்லியிருந்தார்.

"சாரே, ஏர்பேக் பலூன் வெடிக்காத வண்டிய நான் அப்பிடியே எடுக்க மாட்டேன் கேட்டியளா. போன வருசம் நம்ம பய ஒருத்தன் ஸ்டீயரிங்க கேஸ் வச்சு அறுத்தான். டமார்னு ஒண்ணு. மூடி வந்து தாடையில அடிச்சு, இப்பம் அவனுக்கு கஞ்சி மட்டும்தான். பொண்டாட்டிக்கு சமையல் வேலை கொறஞ்சு போச்சு, அது வேற விசயம். நீங்க இன்ஜினியர்லா, கழத்தி வையுங்க. நான் எடுத்துக்கிடுதேன்."

வண்டியை ஓட்டியவள் விபினின் மனைவி சபிதா. மணவாளக்குறிச்சிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், குறுக்கே ஓடிய ஆட்டுக்கு வண்டியை ஒடித்துச் சானல் வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதினாள். அப்போது எட்டு இருபது. பன்னிரண்டே முக்காலுக்கு ஆஸ்பத்திரியில் இறந்தாள். பெல்ட் போட்டிருந்தாள். இருந்தும் ஸ்டீயரிங் நெஞ்சில் இடித்திருந்தது. அங்கே இருந்த சின்ன வயது டாக்டர், "ஏர்பேக் இல்லாத வண்டியா?" என்று கேட்டார். குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. எழுதுவதற்காகக் கேட்டார். இருக்கிறது என்று விபின் சொன்னான். டாக்டர் பேனாவை நிறுத்தி அவனை ஒரு தடவை பார்த்தார். பிறகு எழுதினார்.

அந்தப் பார்வையின் அர்த்தம் விபினுக்குத் தெரியும். விபத்துக்கு மூன்று வாரம் முன்புதான் அதே ஸ்டீயரிங்கை அவன் வீட்டில் வைத்துக் கழற்றி மாட்டியிருந்தான். கழற்றும்போது பலூனுக்குப் போகும் மஞ்சள் பிளக்கைப் பிடுங்க வேண்டும். மாட்டும்போது திரும்ப அழுத்த வேண்டும். முழுதாக உள்ளே போனால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டோமா இல்லையா என்பது அவனுக்கு நினைவில்லை. பிளக்கைக் கையில் எடுத்தது நினைவிருக்கிறது. கடைசியில் போல்ட்டுகளை முறுக்கியது நினைவிருக்கிறது. நடுவில் ஒன்றுமில்லை.

திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். அவன் திறக்கவில்லை. இன்சூரன்ஸ்காரர்களும் போலீஸும் பார்த்து முடித்து வண்டி வீட்டுக்கு வந்து ஒன்பது மாதமாகிறது.

எட்டு மணிக்குச் சுயம்புராஜ் பைக்கில் வந்தான். சபிதாவின் அண்ணன். மயிலாடியில் வீடு, சார்ஜாவில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் ஸ்டோர் கீப்பர். வண்டியை அவன் இல்லாமல் தொடக் கூடாது என்று சொல்லி வைத்திருந்ததால்தான் அது இத்தனை நாள் கிடந்தது. நேற்று முன்தினம்தான் லீவில் வந்து இறங்கியிருந்தான்.

"சாயா போடட்டா மச்சான்?"

"வேண்டாம். வீட்ல குடிச்சாச்சு."

"அத்தை எப்பிடி இருக்காவ?"

"எப்பிடி இருப்பா? ராத்திரி முழுக்க இருந்து கரைவா. கண்ணீர் வத்தினா காலம்பற தூங்குவா." சுயம்புராஜ் செருப்பை விடாமல் ஷெட்டுக்குள் வந்தான். "மாப்ள, முதல்லேயே சொல்லிருதேன். நான் வீடியோ எடுப்பேன். பின்ன அவன் சொன்னான் இவன் சொன்னான்னு பேச்சு வரப்பிடாது. பிளக்கு கழண்டு கெடந்துன்னு வை, அதுக்குப் பிறகு நான் உன் முகத்துல முழிக்க மாட்டேன். அம்மயயும் முழிக்க விட மாட்டேன்."

"செரி."

"செரியா? அவ்வளவுதானா?"

"வெளிச்சம் இந்தப் பக்கம் இருந்து வருது. நீங்க அந்த டோர் பக்கம் நில்லுங்க. வீடியோல நல்லா தெரியும்."

சுயம்புராஜ் அந்தப் பக்கம் போய் நின்றான்.

தார்ப்பாயை இழுத்தார்கள். ஆடிக் காற்று அதை வாங்கிக்கொண்டு போய்ப் பலாமரத்தில் சார்த்தியது. வண்டியின் இடது முன்பக்கம் உள்ளே போயிருந்தது. வலது பக்கம் ஏறக்குறைய முழுசாக இருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து மட்டும் பார்த்தால் ஓட்டிக்கொண்டு போகலாம் என்று தோன்றும். விபின் பானட்டைக் கம்பியால் நெம்பித் திறந்தான். பேட்டரியின் கறுப்பு முனையை முதலில் கழற்றினான், பிறகு சிவப்பு. இரண்டு வயர் நுனியிலும் டேப் சுற்றினான். வாட்சைப் பார்த்தான். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"என்ன?"

"பதினஞ்சு நிமிசம் இருக்கணும்."

"என்னத்துக்கு?"

"பேட்டரிய பிடுங்கினாலும் உள்ள ஒரு பெட்டியில கொஞ்சம் கரண்டு நிக்கும். இடியில பேட்டரி நொறுங்கிப் போனாலும் பலூன் விரியணும்லா, அதுக்குச் செஞ்சு வச்சிருக்கது. அது வடியணும்."

"ஒரு வருசமா கெடக்க வண்டியில ஏது கரண்டு?"

"இருக்காது. ஆனாலும் இருக்கணும்."

"சும்மா இருக்கியதும் ஒரு வேலையா? எங்க கம்பெனியில இந்த வேலைக்கு ஆளு நெறைய உண்டும்." சுயம்புராஜ் தன் நகைச்சுவைக்குத் தானே லேசாகச் சிரித்து, சிரித்ததற்கு வெட்கப்பட்டவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பதினைந்து நிமிடம் நீளமானது. இருவரும், போன வருடம் ஸ்டீயரிங்கைக் கழற்றி மாட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வேறு எதை நினைப்பது.

போன ஆடியில் வண்டியின் ஹாரன் அடிக்காமல் போயிற்று. டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கும் எரியத் தொடங்கியது. இரண்டும் சேர்ந்து வந்தால் நோய் ஒன்றுதான். ஸ்டீயரிங் சுற்றும், அதன் தண்டுக் கூடு சுற்றாது. அதனால் ஹாரனுக்கும் பலூனுக்கும் போகிற கம்பிகளைத் தட்டையான நாடாவாக்கி, வட்டமான ஒரு டப்பாவுக்குள் கடிகாரச் சுருள் போலச் சுற்றி வைத்திருப்பார்கள். அந்த நாடா அறுந்தால் இரண்டும் போகும். ஷோரூமில் கேட்டதற்கு, புது டப்பா வர ஒரு மாதம் ஆகும் என்றார்கள். சபிதா சார்ஜாவுக்குப் போன் போட்டு அண்ணனிடம் சொன்னாள். லீவில் வந்த சுயம்புராஜ் பால் பவுடர், தைலம், கம்பளி எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு துண்டில் பொதிந்து அந்த டப்பாவைக் கொண்டு வந்திருந்தான். சார்ஜாவில் பழைய கார்களை உடைத்து விற்கிற சந்தையில் வாங்கியது. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் இதென்ன என்று கேட்டதற்கு, தங்கச்சிக்க வண்டிக்க தொண்டை என்று சொன்னானாம். அதைச் சொல்லிச் சொல்லி அன்று எல்லோரும் சிரித்தார்கள்.

"ஒர்க்ஷாப்புக்கு கொண்டு போகலாம்," என்று விபின் சொன்னான்.

"இதுக்கு என்னத்துக்கு ஒர்க்ஷாப்பு? நம்ம மாப்ள இன்ஜினியர்லா," என்றது சுயம்புராஜ்தான்.

விபினின் பைக்குள் மல்ட்டிமீட்டர் இருந்தது. பழைய சாமானை மாட்டுமுன் மீட்டரின் இரண்டு முனையையும் வைத்துப் பார்த்தால், கம்பிகளில் எது அறுந்திருக்கிறது என்று ஒரு நிமிடத்தில் தெரியும். பம்ப்செட்டில் தினம் செய்கிற வேலை. அன்று அவன் மீட்டரை எடுக்கவில்லை. மச்சான் கைப்பெட்டியில் சுமந்து கொண்டு வந்த பொருளை அவன் கண் முன்னால் சோதித்துப் பார்ப்பது இந்தப் பக்கத்தில் எந்த மாப்பிள்ளையும் செய்கிற காரியம் இல்லை. கல்ஃபிலிருந்து வந்த வாட்ச் ஓடாவிட்டாலும், கொண்டு வந்தவர் லீவு முடிந்து போகிற வரைக்கும் அதைக் கட்டிக்கொண்டுதான் நடப்பார்கள். மாட்டினான். ஹாரன் அடித்தது. சபிதா நாலைந்து தடவை அடித்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். ஏர்பேக் விளக்கு மட்டும் அணையவில்லை. பழைய கோளாறு கம்ப்யூட்டரில் பதிந்து கிடக்கும், ஷோரூமில் ஸ்கேனர் வைத்து அழித்தால் போய்விடும் என்று விபின் சொன்னான். அடுத்த வாரம் போகலாம் என்று இருந்தது. அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் பரீட்சை. அதற்கடுத்த வாரம் சுயம்புராஜின் லீவு முடிந்தது, ஏர்போர்ட் போக வேண்டியிருந்தது. அவன் போன ஆறாம் நாள் அந்தச் செவ்வாய்க்கிழமை.

ஹாரன் அடித்ததால், டப்பா நன்றாக இருக்கிறது என்றுதான் இன்றுவரை எல்லோரும் நினைத்தார்கள். விபினும் அப்படித்தான். அப்படியானால் மிச்சம் இருப்பது மஞ்சள் பிளக்.

"ஆச்சு," என்று விபின் எழுந்தான்.

சுயம்புராஜ் போனைத் தூக்கிப் பிடித்தான். பிடித்தபடியே ஜன்னலுக்குள் தலையை நீட்டினான்.

"தலைய வெளிய எடுங்க மச்சான். பலூனுக்கு நேரா யாரும் நிக்கப்பிடாது."

"நீ நிக்கியே."

"நான் பக்கவாட்டுலதான் இருக்கேன்."

விபின் முதலில் கதவின் இரும்பைத் தொட்டான். உடம்பில் இருக்கிற மின்சாரம் போவதற்காக. பிறகு சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து, ஸ்டீயரிங்கின் பின்பக்கம் இடதிலும் வலதிலும் இருந்த நட்சத்திரத் தலை போல்ட்டுகளைக் கழற்றினான். ஸ்டீயரிங் வளையம் கீழ்ப்பாதியில் வளைந்திருந்தது. அதில் என்ன பட்டு வளைந்தது என்று அவன் யோசிக்கவில்லை. நடுவில் இருந்த மூடியை மெதுவாகத் தன் பக்கம் இழுத்தான். நாலு விரற்கடை வந்தது. பின்னால் கறுப்பு, சிவப்பு வயர்கள். அவற்றின் நடுவில் மஞ்சள்.

"தெரியுதா?" என்று கேட்டான்.

"கைய எடு. மறைக்குது."

கையை எடுத்தான். பிளக் அதன் குழிக்குள் முழுதாக இருந்தது. மேலே இருக்கும் சின்னப் பூட்டு நாக்கு, விளிம்போடு விளிம்பாக அமுங்கியிருந்தது. பிளக் பாதி வெளியே இருந்தால் அந்த நாக்கு அமுங்காது. விபின் ஒரு விரலால் பிளக்கை ஆட்டிப் பார்த்தான். ஆடவில்லை.

"இதுதான் லாக். பாத்துக்கிடுங்க. பூட்டித்தான் கெடக்கு."

திரும்பிப் பார்த்தான். சுயம்புராஜ் போனைத் தாழ்த்தி வீடியோவை நிறுத்தியிருந்தான்.

தனக்கு என்ன தோன்றுகிறது என்று விபின் கவனித்தான். ஒன்றும் தோன்றவில்லை. முதுகில் வேர்வை இறங்கியது, அது ஷெட்டின் தகரக் கூரையால். ஸ்க்ரூடிரைவர் நுனியால் நாக்கை எழுப்பிப் பிளக்கைப் பிடுங்கினான். பலூன் மூடியை முகம் வெளியே பார்க்க, உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்து எடுத்துக்கொண்டு போய் முற்றத்துத் துவைகல்லில் மல்லாக்க வைத்தான்.

"கமுத்தி வையேன். காத்துல தூசி விழும்."

"கமுத்தினா, வெடிச்சா கல்ல உதைச்சிட்டு மேல வரும். இப்பிடி இருந்தா காத்தோட போவும்."

சுயம்புராஜ் துவைகல்லிலிருந்து நாலு அடி தள்ளிப் போனான். அங்கிருந்தே கேட்டான்:

"பிளக்கு சரின்னா பின்ன ஏன் மாப்ள வெடிக்கல்ல?"

"பாப்போம்."

நடு நட்டைத் தளர்த்தினான். முழுதாகக் கழற்றவில்லை; நாலு மரை விட்டு வைத்தான். அப்படி விடாமல் ஸ்டீயரிங்கை ஆட்டி இழுத்தால், அது சட்டென்று கழன்று வந்து பல்லில் அடிக்கும். இடமும் வலமும் ஆட்டினான். மூன்றாவது ஆட்டத்தில் பிடி விட்டது. நட்டை எடுத்தான், வளையத்தை எடுத்தான். கீழ் மூடியின் மூன்று ஸ்க்ரூ. அதற்குப் பின்னால் அந்த வட்ட டப்பா. நாலு கொக்கியை நெம்பியதும் கையோடு வந்தது.

சுயம்புராஜுக்கு முதுகைக் காட்டி ஷெட்டின் வாசல் வெளிச்சத்தில் நின்று விபின் அதன் மேல் மூடியைத் திறந்தான்.

உள்ளே நாடா சுருளாக இருந்தது. மூன்றாவது சுற்றில் ஓரிடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு டேப். அந்த டேப் விபின் ஒட்டியதில்லை. அவன் அன்று மூடியைத் திறக்கவே இல்லை. நகத்தால் அதன் ஓரத்தைத் தூக்கினான். நாடா அந்த இடத்தில் ஏற்கெனவே அறுந்திருந்தது. எவனோ, எந்த ஊரிலோ, ஹாரனுக்குப் போகும் கம்பியை மட்டும் ஈயம் வைத்துப் பற்றவைத்து, மேலே டேப்பை ஒட்டி, மூடி, விற்றிருந்தான். பலூனுக்குப் போகும் இரண்டு கம்பிகளும் ஒரு நூல் இடைவெளியில் ஒன்றையொன்று தொடாமல் நின்றன.

பையில் இருந்த மீட்டரை அன்று ஒரு நிமிடம் வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. சுயம்புராஜ் மிக அருகில் நிற்கவில்லை. வேண்டுமென்றே தள்ளி நிற்கிறான் என்று விபினுக்குப் பட்டது.

"நான் கொண்டு வந்த சாமான் எப்பிடி இருக்கு மாப்ள?"

குரல் இதுவரை இருந்ததைப் போல இல்லை. விபின் மூடியைப் பொருத்தி அழுத்தினான்.

"நல்லா இருக்கு."

"உள்ளதா? உண்மைதானா?"

"ம். இடி எடது மூலையிலதான் முதல்ல விழுந்திருக்கு. நேரா விழுந்தாத்தான் பலூன் வெடிக்கும். சரிஞ்சு விழுந்தா சில நேரம் வெடிக்காது."

அது முழுப் பொய் என்று சொல்ல முடியாது. இடது மூலைதான் நொறுங்கியிருந்தது. சுயம்புராஜ் முற்றத்துக் குழாயடியில் போய்க் குந்தினான். இரண்டு கையாலும் முகத்தை ஒரு தடவை துடைத்தான். பதினோரு மாதமாகச் சுமந்த ஒன்றை இறக்கி வைக்கிறவன் போல இருந்தது. ஆனால் அது விபின் மேல் இருந்த கோபம்தானா, வேறு ஏதாவதா என்று விபின் இப்போதுதான் யோசித்தான். சாவுக்குத் திரும்ப ஓடி வந்து, பதினாறாம் நாள் எல்லோர் முன்னிலையிலும், "கையில வச்சு நோண்டி என் தங்கச்சிய கொன்னுட்டியே" என்று கத்தியவன் இவன். அதற்குப் பிறகு பிளக், பிளக் என்று ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். டப்பாவைப் பற்றி ஒரு தடவைகூட வாயைத் திறந்ததில்லை.

மிச்ச வேலையை விபின் தனியாகச் செய்தான். இண்டிகேட்டர் சுவிட்ச், சாவிப் பூட்டின் வயர்கள். காலடியில் மல்லாந்து படுத்து, தண்டு கீழே இணையும் இடத்தில் இருந்த போல்ட்டைக் கழற்றினான். டேஷ்போர்டுக்கு அடியில் நாலு நட். தண்டு குழாயோடு மடியில் வந்து விழுந்தது. மோதினால் உள்ளே மடங்கும்படி செய்த குழாய் அது. இரண்டு விரற்கடை மடங்கியிருந்தது. அதன் வேலையை அது செய்திருந்தது.

பத்தேமுக்காலுக்கே ரசலையன் வந்துவிட்டார். ஐம்பது வயது, கழுத்தில் சிலுவை டாலர், காதில் பென்சில். கூட ஆள் இல்லை.

"கழத்தியாச்சா சாரே? பல்லெல்லாம் இருக்குல்லா? எண்ணிப் பாத்துக்கிடுங்க." துவைகல்லைப் பார்த்ததும் நின்றார். "அட மாதாவே, வெயில் காய வச்சிருக்கியளா? அத என்கிட்ட தராண்டாம். நாலு பிள்ளைக்க தகப்பன் நான்."

"அது ஷோரூம்ல கொடுக்கணும். சொல்லி வச்சிருக்கேன். நீங்க மத்தத எடுங்க."

ரசலையன் ஸ்டீயரிங்கைத் தூக்கிப் பார்த்தார், தண்டைத் தூக்கிப் பார்த்தார். பிறகு ஸ்டூலின் மேல் இருந்த வட்ட டப்பாவைக் கண்டார். முகம் மலர்ந்தது.

"இத தாருங்க. ததேயுஸ்னு ஒருத்தன், குளச்சல்ல இதே வண்டி வச்சிருக்கான். ஹாரன் அடிக்கல்லன்னு ஒரு மாசமா என் உயிர வாங்குதான். பிள்ளையள பள்ளிக்கூடத்துக்கு கொண்டு விடுத வண்டி. இது வேல செய்யுமா?"

விபின் ஸ்க்ரூடிரைவரைத் துணியில் துடைத்தான்.

"நல்லா இருக்குன்னு இப்பம்தான சொன்னான்," என்றான் சுயம்புராஜ் குழாயடியிலிருந்து. "சார்ஜா சாமான். ஜப்பான்காரன் செஞ்சது. எடுத்துட்டுப் போங்க, ஒரு ஆளுக்கு உபகாரமாட்டு இருக்கட்டு."

ரசலையன் கையை நீட்டினார். விபின் டப்பாவை எடுத்தான். கட்டிங் பிளேயரால் அதிலிருந்து வெளியே நீண்டிருந்த வயர்களை ஒவ்வொன்றாக நறுக்கினான்.

"சாரே! என்ன செய்யுதீய!"

"இடிச்ச வண்டியில இருந்தத அடுத்த வண்டியில மாட்டப்பிடாது."

"அது பொஸ்தகத்துல." ரசலையன் சிரித்தார். "வயரு தான? முறுக்கி ஒரு டேப்பு அடிச்சா தீந்து. இஞ்ச தாருங்க."

நீட்டிய கை அப்படியே இருந்தது. முறுக்கி ஒரு டேப் அடிப்பார்கள். ஹாரன் அடிக்கும். விளக்கு எரியும், ஸ்கேனர் வைத்தால் போய்விடும் என்று யாராவது சொல்வார்கள்.

விபின் மூடியைத் திறந்து நாடாவின் நுனியைப் பிடித்து இழுத்தான். சுருள் அவிழ்ந்து மண்ணில் விழுந்தது. மூன்று இடத்தில் நறுக்கினான். காற்று துண்டுகளை முற்றத்தில் இழுத்துக்கொண்டு போயிற்று.

ரசலையனுக்கு முகம் சுருங்கிவிட்டது. குனிந்து ஒரு துண்டை எடுத்தார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"ஓ. இது ஏற்கெனவே ஒட்டினதுல்லா," என்றார், தொழில் தெரிந்தவரின் அலட்சியத்தோடு. "எந்த களவாணிப் பய செஞ்ச வேலையோ. ஹாரனுக்கு மட்டும் பத்த வச்சிருக்கான் பாருங்க. பலூனுக்கு உள்ளது அறுந்துல்லா கெடக்கு. இத மாட்டினா பலூன் எப்பிடி வெடிக்கும்? நல்ல காலம் சாரே, நான் கொண்டு போயிருந்தா அந்தப் பிள்ளையளுக்க பாவம் என் தலையில விழுந்திருக்கும்."

துண்டைக் கீழே போட்டார். கையைக் கைலியில் துடைத்துக்கொண்டார். குழாயடியில் இருந்தவன் எழுந்து நின்றதை அவர் பார்க்கவில்லை. தண்டையும் வளையத்தையும் டெம்போவில் ஏற்றினார். ஸ்டீயரிங் இல்லாத வண்டியைத் தள்ளிக்கொண்டு போக முடியாது, நாளைக்கு ஆளும் கிரேனும் கொண்டு வருவதாகச் சொன்னார். கேட்டைத் திறந்து போட்டுவிட்டே போனார்.

விபின் கேட்டைச் சாத்திவிட்டு வந்தான். சுயம்புராஜ் அந்தத் துண்டைக் கையில் வைத்திருந்தான். டேப் ஒட்டிய துண்டு. அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"நீ நேரத்தே, மூடிய திறந்தப்பமே பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுத்தான் நல்லா இருக்குன்னு சொன்னியா?"

விபின் ஸ்பேனர்களைத் துணியில் வரிசையாக வைத்துச் சுருட்டத் தொடங்கினான். "எங்கிட்ட மீட்டர் இருந்து மச்சான். அண்ணைக்கு வச்சுப் பாத்திருக்கலாம். வைக்கல்ல."

"நான் நிண்ணதுனாலயா?"

"ம்."

"நான் கடையில கேட்டேன். அந்த ஆளு ஹாரன் அடிச்சுக் காட்டினான். ஒரு பேட்டரியில மாட்டி, ஹாரன அடிச்சுக் காட்டினான். அதான்…" சுயம்புராஜ் நிறுத்தினான். நாடாத் துண்டை மடித்தான். அது மடியாமல் நிமிர்ந்தது. திரும்ப மடித்தான். "நீ பிளக்க போடல்லன்னு இருந்திருக்கணும் மாப்ள. அப்பிடி இருக்கணும்னுதான் நான் வந்தேன்."

"தெரியும்."

"எப்பம் தெரியும்?"

"இப்பம்தான்."

காற்றில் துவைகல் மேலிருந்த மூடி லேசாக அசைந்தது. விபின் போய் அதை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து, மேலே எதையும் போடாமல், பெட்டியின் பக்கத்தில் மார்க்கரால் 'தொடாதே' என்று எழுதினான். சுயம்புராஜ் அவன் பின்னாலேயே வந்து நின்றான்.

"ஒண்ணு கேக்கட்டா. அவ கடைசியா என்னமாவது பேசினாளா? அம்ம எல்லாருட்டயும் சொல்லிட்டு நடக்கா, எம் மவ என்னைய விளிச்சிட்டேதான் போனான்னு. அம்ம அங்க இல்லல்லா. நீதான இருந்த."

சபிதாவின் அம்மா அப்படிச் சொல்வது விபினுக்குத் தெரியும். அவன் அதை ஒரு தடவையும் மறுத்ததில்லை.

"ஆப்பரேசன் தியேட்டருக்குள்ள கொண்டு போவதுக்கு முந்தி ஸ்ட்ரெச்சர ஒரு நிமிசம் நிப்பாட்டினாவ," என்றான். "உங்களுக்கு விளிக்கலாம்னு போன கையில எடுத்தேன். அவ பாத்துட்டு ஒண்ணு சொன்னா. அதுக்குப் பிறகு அவ பேசல்ல."

"என்ன சொன்னா?"

விபின் மார்க்கரின் மூடியைப் போட்டான். அவள் சொன்னதை, அவள் சொன்னபடியே சொன்னான்.

"அண்ணனுக்கு இப்பம் விளிக்காண்டாம். அவன் அங்க ஒத்தைக்கு இருந்து கரைவான்."